சிஎஸ்2 ஸ்கின் வாங்குவதும் விற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் (இப்போது சிஎஸ்2) ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு ஸ்கின் விலைக்கு வந்துவிடும். புதிதாக ஆட வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். பல வருடம் வாங்கி விற்று, லாபமும் பார்த்து, கையும் சுட்டுக்கொண்டவன் எழுதுவது. இதை அந்தக் கணக்கிலேயே படியுங்கள்.

ஸ்கின் போட்டா ஆட்டம் நல்லா வருமா?

வராது. ஸ்கின் என்பது துப்பாக்கிக்கு அடித்த பெயின்ட். குண்டு போகும் விதமோ, சேதமோ, உதறலோ இம்மியும் மாறாது. ஆயிரம் டாலர் கத்தியும் ஆட்டத்தோடு சும்மா வரும் கத்தியும் ஒரே மாதிரிதான் குத்தும். இருந்தாலும் கையில் பளபளப்பாக ஒன்று இருந்தால் தெம்பாக ஆட வருகிறது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அது அவரவர் மனசு.

இந்த ஸ்கின்லாம் முதல்ல எங்கேர்ந்து வருது?

2013 ஆகஸ்டில் 'ஆர்ம்ஸ் டீல்' என்ற அப்டேட்டில் ஆரம்பித்தது. அப்போது ஆட்டத்தின் பெயர் சிஎஸ்கோ. 2023 செப்டம்பரில் அது சிஎஸ்2 ஆனபோது பழைய ஸ்கின்கள் எல்லாம் அப்படியே கூட வந்துவிட்டன. ஸ்டீம் என்பது இந்த ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் இணையக் கடை. ஆட்டக்காரர்கள் தங்கள் பொருட்களை அங்கே வாங்கி விற்கும் ஸ்டீம் மார்க்கெட் இதற்கும் முந்தையது. 2012 டிசம்பரில் டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆட்டத்தின் பொருட்களோடு அதைத் திறந்தார்கள்.

ஒரு ஸ்கின் உங்கள் கைக்கு வர வழிகள் சில. பிரைம் என்ற கட்டணக் கணக்கு இருந்தால் வாரத்தில் முதல் முறை லெவல் ஏறும்போது நாலு பொருளைக் காட்டுவார்கள், அதில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கேஸ், அதாவது பெட்டி, வாங்கிச் சாவி போட்டுத் திறக்க வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால் இன்னொரு ஆட்டக்காரரிடமிருந்து நேராக வாங்குவது. வரைபவர்களில் பலர் வெளி ஓவியர்கள். தங்கள் டிசைனை ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் போடுவார்கள், தேர்வானால் வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கேஸ் திறக்கலாமா? யூடியூப்ல ஒருத்தருக்கு கத்தி வந்துச்சே!

வந்ததைத்தான் வீடியோவாகப் போடுவார்கள். வராதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள்.

2017ல் சீனாவின் விதி கட்டாயப்படுத்தியதால், அங்கே இந்த ஆட்டத்தை நடத்தும் பெர்ஃபெக்ட் வேர்ல்டு நிறுவனம் கேஸின் வாய்ப்புகளை வெளியிட்டது. ஸ்கின்னின் தரத்தை நிறத்தால் சொல்வார்கள். நீலம் 79.92 சதவீதம், ஊதா 15.98, இளஞ்சிவப்பு 3.2, சிவப்பு 0.64. கத்தியோ கையுறையோ கிடைக்கும் தங்க நிறத்துக்கு வெறும் 0.26 சதவீதம்.

அந்த 0.26ஐப் பணமாக்கிப் பாருங்கள். சராசரியாக 385 பெட்டிக்கு ஒரு தங்கம். ஒரு சாவி 2.49 டாலர், ஆக சாவிக்கு மட்டும் 960 டாலரை ஒட்டி வருகிறது. பெட்டியின் விலை தனி. சரி, 385 சாவி போட்டால் கட்டாயம் வந்துவிடுமா? அதுவும் இல்லை. அத்தனை திறந்தும் நூறு பேரில் சுமார் 37 பேருக்கு ஒரு கத்தியும் வந்திருக்காது. ஒவ்வொரு பெட்டியும் புதுப் பெட்டி. முன்னால் நீங்கள் தோற்ற கணக்கு அதற்குத் தெரியாது. "இத்தனை நேரம் வரலை, இனிமே வந்துதான் ஆகணும்" என்ற எண்ணத்தில்தான் பலருடைய சம்பளம் போயிருக்கிறது. அப்படியே வந்த கத்தியும் பெரும்பாலும் அந்த 960 டாலரின் அருகில்கூட விலைபோகாத ரகமாக இருக்கும்.

இதைச் சூதாட்டம் என்று சொன்ன நாடுகள் உண்டு. 2018ல் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் கேஸ் திறப்பதையே வால்வ் நிறுத்திவிட்டது. பிரான்ஸில் 2019 முதல் 'எக்ஸ்ரே ஸ்கேனர்' வைத்தார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலிலேயே காட்டிவிடும். ஆனால் அதை எடுத்துக்கொண்டால்தான் அடுத்த பெட்டியைப் பார்க்க முடியும். யோசித்தால் நல்ல தந்திரம்தான்.

என் கருத்தைக் கேட்டால், பிடித்த ஸ்கின் இருந்தால் அதையே மார்க்கெட்டில் வாங்கிவிடுங்கள். கிடைத்த கேஸைத் திறக்காமல் விற்றுவிடுங்கள்.

ஒரே துப்பாக்கி, ஒரே டிசைன். ஒண்ணு நூறு ரூபா, இன்னொண்ணு ஆயிரமா? ஏன்?

இந்த வியாபாரத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தேய்மானம். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் பிறக்கும்போதே 0 முதல் 1 வரை ஒரு எண் ஒட்டிவிடும். அதற்கு ஃப்ளோட் என்று பெயர். 0.07க்குள் இருந்தால் ஃபேக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்டு டெஸ்டட், 0.45 வரை வெல் வோர்ன், அதற்கு மேல் பேட்டில் ஸ்கார்டு. எவ்வளவு ஆடினாலும் இந்த எண் மாறாது, துப்பாக்கி பழசாகாது. ஆகவே 0.149ம் 0.151ம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பெயர் வேறு, விலை வேறு. 0.15ஐச் சற்றே தாண்டிய ஃபீல்டு டெஸ்டட்டைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள்தான் காசின் அருமை தெரிந்தவர்கள்.

அடுத்து ஸ்டாட்ட்ராக். எத்தனை பேரை வீழ்த்தினீர்கள் என்று துப்பாக்கியிலேயே எண்ணிக் காட்டும். கேஸிலிருந்து வருவதில் பத்தில் ஒன்றுக்குத்தான் இது இருக்கும், அதனால் விலை கூடுதல். கைமாறியதும் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். "ஐயாயிரம் கில் இருக்கு, கூடக் குடு" என்று பேரம் பேசுகிறவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

மூன்றாவது பேட்டர்ன். 'கேஸ் ஹார்டன்டு' போன்ற டிசைன்களில் ஒரு பெரிய படத்திலிருந்து ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு துண்டை வெட்டி ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலானவை மஞ்சளும் பழுப்புமாகக் கலந்து கிடக்கும். சில எண்களில் மட்டும் முழுக்க நீலம். இதை 'ப்ளூ ஜெம்' என்பார்கள். ஏகே-47ல் 661ஆம் எண் பேட்டர்னுக்கு ஈடு இல்லை. அந்த எண்ணில் ஸ்டாட்ட்ராக்கும் பழைய ஸ்டிக்கர்களும் சேர்ந்த ஒரு துப்பாக்கி 2024ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் கைமாறியதாகச் செய்தி வந்தது. டாப்ளர் கத்திகளிலும் ரூபி, சஃபையர், பிளாக் பேர்ல் என்று ரகங்கள் உண்டு. மார்க்கெட் பட்டியலில் எல்லாம் ஒரே பெயரில்தான் கிடக்கும். 'இன்ஸ்பெக்ட்' அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நான்காவது ஸ்டிக்கர். 2014 கட்டோவிட்ஸ் போட்டிக்காக வந்த ஐபைபவர் ஹோலோ ஸ்டிக்கர் ஒன்று இன்று பல்லாயிரம் டாலர். அந்த அணியின் வீரர்கள் வேண்டுமென்றே ஒரு ஆட்டத்தில் தோற்றார்கள் என்று 2015 ஜனவரியில் வால்வ் தடை போட்டது. அணி அழிந்தது, ஸ்டிக்கர் ஏறியது. ஆனால் ஒட்டிய ஸ்டிக்கருக்கு அதன் முழு விலை கிடைக்காது. வழக்கமாக ஒரு சிறு பங்குதான் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தச் சிறு பங்கைக்கூட நான் கோட்டை விட்டிருக்கிறேன். முதல் வருடம், ஒரு துப்பாக்கியில் பழைய ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் மற்றவர்கள் போட்ட அடிமட்ட விலைக்கே போட்டேன். கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. இவ்வளவு வேகமாக விற்கிறதே என்று சந்தோஷப்பட்டதுதான் கூத்து.

கடைசியாக, கதையுள்ள ஸ்கின்கள். எம்4ஏ4 'ஹௌல்' 2014ல் கேஸில் வந்தது. அடுத்த மாதமே அந்த ஓவியம் வேறொருவருடையது என்று புகார் எழுந்தது. வால்வ் டிசைனை மாற்றி வரைந்தது, கேஸிலிருந்து எடுத்தது, 'கான்ட்ரபேன்டு' என்று அதற்கென்று ஒரு தனி வகையையே உண்டாக்கியது. இனி புதிதாக ஒன்றுகூடப் பிறக்காது. இருக்கிற சரக்கும் வருடா வருடம் பூட்டிய கணக்குகளுக்குள் சிக்கிக் குறைகிறது. திருட்டுப் படத்தால் விலை ஏறிய பொருள் உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

மார்க்கெட்ல விக்க என்ன வேணும்?

ஸ்டீம் கார்டு (Steam Guard) என்ற கணக்குப் பாதுகாப்பு வசதி பதினைந்து நாளாவது இயங்கியிருக்க வேண்டும். கணக்கில் ஏழு நாளுக்கு முந்தைய, ஒரு வருடத்துக்கு உட்பட்ட ஒரு கொள்முதல் இருக்க வேண்டும். போனில் ஒப்புதல் கொடுக்கும் ஸ்டீம் ஆத்தென்டிகேட்டர் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் போட்ட பொருளைப் பதினைந்து நாள் வரை பிடித்துவைப்பார்கள். பாஸ்வேர்டு மாற்றினாலோ போன் மாற்றினாலோ சில நாள் தடை விழும். போன் மாற்றப்போகிறீர்கள் என்றால் விற்க வேண்டியதை முன்னாலேயே விற்று முடியுங்கள்.

ஸ்டீம் எவ்வளவு எடுத்துக்கும்?

சிஎஸ் பொருட்களுக்கு 15 சதவீதம். இதில் 5 ஸ்டீமுக்கு, 10 ஆட்டத்துக்கு. இரண்டுமே வால்வின் பாக்கெட் என்பதால் பிரித்துப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த 15 விற்பவர் பெறும் தொகையின் மேல் போடப்படுகிறது. வாங்குபவர் 1,150 ரூபாய் கொடுத்தால் உங்களுக்கு 1,000.

இதை மனசில் வைக்காமல்தான் பலர் "விலை பத்து சதவீதம் ஏறிடுச்சு, லாபம்" என்கிறார்கள். 1,150க்கு வாங்கியதை விற்று அதே 1,150 கைக்கு வர, பட்டியல் விலை 1,322 ரூபாய்க்கும் மேலே போக வேண்டும். அதாவது 15 சதவீதம் ஏறினால்தான் அசலே தேறும். சில்லறைப் பொருளில் இன்னும் மோசம். குறைந்தபட்சக் கட்டணம் இருப்பதால் மூன்று சென்ட்டுக்குப் போகும் ஸ்கின்னில் விற்றவருக்கு ஒரு சென்ட்தான்.

வாலட்ல இருக்கற காசை பேங்குக்கு மாத்த முடியுமா?

முடியாது. விற்ற காசு போய் விழும் ஸ்டீம் வாலட் உண்டியல் மாதிரி, போடலாம், எடுக்க முடியாது. அதில் ஆட்டம் வாங்கலாம், இன்னொரு ஸ்கின் வாங்கலாம், அவ்வளவுதான். "என் இன்வென்டரி (கணக்கில் சேர்த்துவைத்த பொருட்கள்) ஒரு லட்சம்" என்று யாராவது சொன்னால், அது ஸ்டீம் விலையா, கைக்கு வரும் ரொக்கமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

அப்புறம் மத்தவங்க எப்படி ரொக்கமா வாங்கறாங்க?

வெளியே தனியார் சந்தைகள் இருக்கின்றன. ஸ்கின்னை ட்ரேட் மூலம், அதாவது ஸ்டீமில் நேரடியாக ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றி, கொடுத்துவிட்டு, பணத்தை வங்கிக்கோ வேறு வழியிலோ பெறுவது. அங்கே விலை ஸ்டீமைவிடப் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கும். காரணம் எளிது. வாலட் காசு சிறைப்பட்ட காசு, ரொக்கம் சுதந்திரமான காசு. ரொக்கத்துக்கு எப்போதும் மதிப்பு கூடுதல். விலை மிக உயர்ந்த ஸ்கின்களுக்கு வேறு வழியும் இல்லை. ஸ்டீம் மார்க்கெட்டில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் போடலாம் என்று உச்சவரம்பு இருப்பதால் அவை பட்டியலிலேயே ஏறாது.

இந்தச் சந்தைகளுக்கு வால்வ் பொறுப்பேற்காது. அங்கே தகராறு வந்தால் ஸ்டீம் சப்போர்ட்டில் அழுது பயனில்லை. எவ்வளவு காலமாக நடக்கிறது, பணம் எடுக்க என்ன அடையாள ஆவணம் கேட்கிறது, கமிஷன் எவ்வளவு, இந்திய வங்கிக்கு உண்மையாகவே அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள். முதல் தடவை மலிவான ஒரு பொருளை விற்று, பணம் கணக்கில் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பெரியதைக் கையில் எடுங்கள்.

ட்ரேட் பண்ணா உடனே மறுபடி குடுக்க முடியலையே, ஏன்?

2018 மார்ச் முதல் ட்ரேடில் வந்த சிஎஸ் பொருளை ஏழு நாள் கைமாற்ற முடியாது. 2025 ஜூலையில் இதன் மேல் இன்னொரு ஏற்பாடு வந்தது, 'ட்ரேட் ப்ரொடெக்‌ஷன்'. ட்ரேட் நடந்து ஏழு நாளுக்குள் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். அப்படிச் செய்தால் அந்த ஏழு நாளில் அவர் செய்த ட்ரேட் எல்லாமே சேர்ந்து திரும்பும், அவருக்கு முப்பது நாள் ட்ரேடும் மார்க்கெட்டும் கிடையாது.

திருடு போனவர்களுக்கு இது வரம். ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். தெரிந்தவர் ஒருவருக்கு யூபிஐயில் பணம் அனுப்பி ஸ்கின் வாங்கினால், ஏழு நாளுக்குள் அவர் மனம் மாறி ட்ரேடைத் திருப்பிவிடலாம். பணம் அவரிடம், ஸ்கின்னும் அவரிடம். அதனால்தான் வெளிச் சந்தைகள் இப்போது விற்றவருக்கு ஒரு வாரம் கழித்தே பணம் தருகின்றன. தாமதம் என்று திட்டாதீர்கள், அது வாங்குபவரைக் காக்கும் தாமதம்.

சாவியை ஏன் மார்க்கெட்ல போட முடியலை? முன்னாடி முடியுமாமே?

ஒரு காலத்தில் சாவிதான் இந்த உலகத்தின் நாணயம். விலை நிலையானது, எல்லோருக்கும் வேண்டியது. "அந்தக் கத்தி நாற்பது சாவி" என்றுதான் பேசுவார்கள். 2019 அக்டோபரில் வால்வ் அதை நிறுத்தியது. சர்வதேச மோசடிக் கும்பல்கள் தங்கள் பணத்தை மாற்ற சாவியைப் பயன்படுத்துகின்றன, அப்போது கைமாறிய சாவிகளில் ஏறக்குறைய எல்லாமே மோசடியோடு தொடர்புடையவை என்று அவர்களே அறிவித்தார்கள். அதன் பிறகு வாங்கிய சாவி வாங்கிய கணக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

எப்படியெல்லாம் ஏமாத்துவாங்க?

தினுசு தினுசாக. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிவேர் ஒன்றுதான், உங்களை அவசரப்படுத்துவது.

அதிகம் பேர் விழுவது போலி லாகின் பக்கத்தில். "எங்க டீமுக்கு ஒரு ஓட்டு போடு மச்சி" என்று நண்பனின் கணக்கிலிருந்தே லிங்க் வரும். நண்பனின் கணக்கு நேற்றே போய்விட்டிருக்கும். லிங்கைத் திறந்தால் ஸ்டீம் லாகின் சின்ன ஜன்னலாக எழும், மேலே முகவரிகூடச் சரியாகத் தெரியும். அது ஜன்னலே அல்ல, பக்கத்துக்குள் வரைந்த படம். கண்டுபிடிக்க ஒரு வழி, அந்த ஜன்னலை மவுஸால் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுங்கள். உண்மையான ஜன்னல் வெளியே வரும், போலி விளிம்பில் முட்டி நிற்கும். இதேபோல் போலி கியூஆர் கோடும் உண்டு. ஸ்கேன் செய்து ஒப்புதல் கொடுத்தால் பாஸ்வேர்டு கொடுக்காமலேயே வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி.

உள்ளே நுழைந்தவன் உடனே எதையும் எடுக்க மாட்டான், அதுதான் நரித்தனம். உங்கள் கணக்கில் ஒரு ஏபிஐ கீ, அதாவது உங்கள் ட்ரேடுகளை வெளியிலிருந்து ஒரு நிரல் கவனித்து ரத்துசெய்ய விடும் ரகசியக் குறியீடு, போட்டுவிட்டுச் சும்மா காத்திருப்பான். நீங்கள் ஒரு சந்தையில் கத்தி விற்க ட்ரேட் அனுப்பும் நேரத்தில், உண்மையான ட்ரேடை ரத்து செய்துவிட்டு, அதே பெயர், அதே படம் கொண்ட போலிக் கணக்கிலிருந்து இன்னொரு ட்ரேடை வரவைப்பான். போனில் ஒப்புதல் கேட்கும், நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ட்ரேட்தானே என்று அழுத்திவிடுவீர்கள். என் கல்லூரி நண்பன் ஒருவன் இப்படித்தான் கையுறையை இழந்தான், படிப்பில் கெட்டிக்காரன். ஒப்புதல் கொடுக்கும் முன் எதிர்க்கணக்கின் லெவலையும் ஸ்டீமில் சேர்ந்த தேதியையும் பாருங்கள். பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தேதியைப் பொய்யாக்க முடியாது.

"தெரியாம உங்க அக்கவுன்ட்டை ரிப்போர்ட் பண்ணிட்டேன், இந்த ஸ்டீம் அட்மினைக் கான்டாக்ட் பண்ணுங்க, இல்லைன்னா பேன் ஆயிடும்" என்பது இன்னொன்று. வால்வ் ஊழியர் யாரும் டிஸ்கார்டில் வந்து பேச மாட்டார், உங்கள் பொருளைச் 'சரிபார்க்க' அனுப்பச் சொல்லவும் மாட்டார்.

நம் ஊர்ச் சரக்கு ஒன்று, பணம் அனுப்பியதாக யூபிஐ ஸ்க்ரீன்ஷாட். படம் பணமாகாது. வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். "சர்வர் லேட், நீங்க ட்ரேட் போடுங்க" என்றால் சர்வர் சரியான பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். நடுவில் ஒருவரை நம்பிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எதிராளியே ஆள் காட்டினால், அந்த ஆளும் அவரே.

ஏமாந்துட்டேன். இப்ப என்ன?

முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள், ஏபிஐ கீ பக்கத்தைத் திறந்து உங்களுக்குத் தெரியாத கீ இருந்தால் நீக்குங்கள், ட்ரேட் லிங்கைப் புதிதாக்குங்கள். பிறகு ட்ரேட் வரலாற்றுக்குப் போய் ஏழு நாளுக்குள் என்றால் திருப்புங்கள். வரிசையை மாற்றாதீர்கள். திருடன் உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டி என்ன பயன்?

ஏழு நாள் தாண்டிவிட்டால் வழியில்லை. போன பொருளைத் திரும்ப உருவாக்கிக் கொடுப்பதை ஸ்டீம் சப்போர்ட் பல வருடம் முன்பே நிறுத்திவிட்டது. வங்கிப் பணமும் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதிக்காமல் சொல்லுங்கள், முதல் சில மணி நேரம் முக்கியம்.

இதை முதலீடா பாக்கலாமா? தங்கம் மாதிரின்னு சொல்றாங்களே?

தங்கத்தை யாரும் ஒரு இரவில் புதிதாக உண்டாக்க முடியாது. ஸ்கின்னை முடியும்.

2025 அக்டோபர் 22 அன்று நடந்ததைச் சொல்கிறேன். ட்ரேட் அப் என்று ஒரு வசதி எப்போதும் இருந்தது, ஒரே தரத்தில் பத்து ஸ்கின் போட்டால் அடுத்த தரத்தில் ஒன்று கிடைக்கும். சிவப்பு தரத்தோடு அது நின்றுவிடும், கத்திக்குப் போகாது. அன்று வந்த அப்டேட்டில் ஐந்து சிவப்பு போட்டால் கத்தியோ கையுறையோ கிடைக்கும் என்று மாற்றினார்கள். கத்தி அரிது என்ற அடித்தளமே அசைந்தது. கத்தி, கையுறை விலை சரிந்தது. யாரும் மதிக்காமல் கிடந்த சிவப்புத் துப்பாக்கிகள் பல மடங்கு எகிறின. சுமார் 600 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டிருந்த மொத்தச் சந்தையில் கால் பங்குக்கு மேல் ஓரிரு நாளில் ஆவியானதாகச் செய்திகள் கணக்கிட்டன. முந்தைய நாள் சிவப்பை விற்றுக் கத்தி வாங்கியவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

வால்வ் இதைத் தெரியாமல் செய்யும் நிறுவனம் அல்ல. 2012ல் யானிஸ் வரூஃபாகிஸ் என்ற பொருளாதார அறிஞரை இந்த மெய்நிகர் சந்தைகளை ஆராயவே வேலைக்கு வைத்தார்கள். அவர் 2015ல் கிரீஸ் நாட்டின் நிதியமைச்சர் ஆனார். நோட்டு அச்சடிப்பது, வரி வசூலிப்பது, சட்டம் எழுதுவது மூன்றும் ஒருவர் கையிலேயே இருக்கும் தேசம் இது. விலை ஏறலாம், ஏறியும் இருக்கிறது. பழைய கேஸ்களைச் சில சென்ட்டுக்கு வாங்கிப்போட்டு மறந்தவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆனால் வாடகைப் பணத்தை இதில் போடாதீர்கள்.

ஸ்கின் வச்சு பெட் கட்டற சைட்டுங்க?

வேண்டாம். 2016ல் இரண்டு பிரபல யூடியூபர்கள் ஒரு தளத்தில் தாங்கள் ஜெயிப்பதை வீடியோவாகப் போட்டுப் பிள்ளைகளை இழுத்தார்கள். அந்தத் தளமே அவர்களுடையது என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் அவர்கள்மேல் நடவடிக்கை எடுத்து 2017ல் வழக்கு முடிவுக்கு வந்தது. அதே 2016ல் இப்படிப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட தளங்களுக்கு வால்வ் நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. சில மூடின, புதியவை முளைத்தன. மேலே சொன்ன ஐபைபவர் விவகாரத்திலும் பந்தயமும் கூலியும் ஸ்கின்னாகவே கைமாறின. விளையாட்டு கெட்டது அங்கேதான்.

நான் காசு குடுத்து வாங்கினது எனக்குச் சொந்தம்தானே?

ஒப்பந்தப்படி இல்லை. நீங்கள் பெறுவது பயன்படுத்தும் உரிமம். ஏமாற்று மென்பொருள் போட்டு வேக் (ஸ்டீமின் ஏமாற்றுத் தடுப்பு முறை) தடை வாங்கினால், அந்தக் கணக்கிலுள்ள சிஎஸ் ஸ்கின்களை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. தம்பியிடம் கணக்கைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனவர்கள் கவனிக்க.

என் பையன் என் கார்டுல கேஸ் வாங்கிட்டான். பணம் திரும்ப வருமா?

பயன்படுத்தாத சாவியாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேட்டுப் பார்க்கலாம். திறந்துவிட்டிருந்தால் போனது போனதுதான். வங்கியில் சொல்லிப் பணத்தை இழுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யும் முன் யோசியுங்கள், அப்படிச் செய்தால் பையனின் ஸ்டீம் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். கார்டை நீக்கிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் வாலட்டில் ஒரு தொகை போட்டுக் கொடுப்பது நல்லது. அவனைத் திட்டுவதற்கு முன் அந்த 0.26 சதவீதக் கணக்கை உட்காரவைத்துக் காட்டுங்கள். என் அக்கா மகனுக்கு அது வேலை செய்தது.

ஒரு ஸ்கின்னை விக்கறப்ப என்ன விலை போடணும்?

பக்கத்தில் தெரியும் மிகக் குறைந்த விலையை மட்டும் பார்க்காதீர்கள். விற்ற விலைகளின் வரைபடத்தில் கடைசி ஒரு மாதத்தைப் பாருங்கள், ஒரு நாளில் எத்தனை விற்கிறது என்பதையும் பாருங்கள். நாளுக்கு நூற்றுக்கணக்கில் போகும் பொருளுக்கு அடிமட்ட விலையிலிருந்து ஒரு ரூபாய் குறைத்தால் போதும், அன்றே போகும். வாரத்துக்கு ஒன்று விற்கும் பொருளில் அவசரம் காட்டினால் உங்களை நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள். ஃப்ளோட், பேட்டர்ன், ஸ்டிக்கர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எண்ணைத் தட்ட வேண்டும். நான் பாடம் படித்த இடம் அது.

இன்வென்டரி ரொம்பிப்போச்சு, சில்லறை ஸ்கின்னை என்ன பண்றது?

இன்வென்டரியில் ஆயிரம் பொருள்தான் கொள்ளும். 1.99 டாலர் கொடுத்து ஸ்டோரேஜ் யூனிட் வாங்கினால் இன்னொரு ஆயிரம் வைக்கலாம். கேஸ்களைப் போட்டு மூடுவதற்கு அது சரி. ஒரு சென்ட் தேறும் வெள்ளை, நீல ஸ்கின்களுக்கு அது வீண் செலவு. பத்துப் பத்தாகச் சேர்த்து ட்ரேட் அப்பில் தள்ளுங்கள், ஒன்றும் தேறாவிட்டாலும் இடமாவது காலியாகும்.